ஹால்ட் பஸ் வாத்தியார்

டிரைவரும் கண்டக்டரும் ஒரே வண்டியில் பொழுதன்னிக்கும் கிடப்போம். ஆனாலும் ஒருவர் முகத்தை ஒருவர் நேராகப் பார்ப்பது டீ குடிக்க இறங்கும்போதுதான். மற்ற நேரமெல்லாம் எனக்கு அவர் ஒரு விசில் சத்தம், அவருக்கு நான் ஒரு முதுகு. ஒரு விசில் என்றால் நிற்கணும், இரண்டு என்றால் கிளம்பணும். இவ்வளவுதான் பேச்சு. அப்படியிருந்தும் சிலரோடு செட்டு சேர்ந்துவிட்டால், டெப்போவில் வேறு ஆளோடு டூட்டி போட்டாலும் கெஞ்சிக் கூத்தாடி மாற்றிக்கொண்டு வந்துவிடுவோம். எனக்கு அப்படி அமைந்தவர் வாத்தியார்.

பதிவேட்டில் அவருக்கு ஒரு பெயரும் ஒரு நம்பரும் இருந்தன. அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் டெப்போவில் பாதிப் பேர் முழிப்பார்கள். 'வாத்தியாரு' என்றால் கேன்டீனில் புரோட்டா போடுகிறவர் வரைக்கும் தெரியும். பள்ளிக்கூட வாத்தியார் இல்லை, சிலம்ப வாத்தியார். மீசை முளைக்கும் முன்பே தாய்மாமனிடம் கம்பு பிடித்தவர். மதுரைப் பக்கத்து ஊர்களில் முளைப்பாரி என்றாலும், கல்யாண ஊர்வலம் என்றாலும், பெரிய சாவு என்றாலும் கம்பு சுற்ற ஆள் தேடுவார்கள். தேடுகிற வீட்டுக்காரர் வாரவிடுப்பு நாளை முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்கிற அளவுக்கு அவருக்குக் கிராக்கி இருந்தது.

அவர் போய்ச் சில வருடங்கள் ஆகிவிட்டன. இன்றைக்கும் பழைய ஆட்கள் நாலு பேர் கூடி அவர் பேச்சை எடுத்தால், எடுத்த மாத்திரத்தில் சிரிப்பு வந்துவிடும். அழுது அவரை நினைக்க எங்களில் யாருக்கும் வரவில்லை. அதனால் நானும் சிரிப்பு வந்த இடங்களையே எழுதுகிறேன்.

முதலில் அவர் பஸ்ஸில் நின்ற நிலையைச் சொல்ல வேண்டும். அதைப் பார்க்க எனக்கு வாய்த்தது என் தலைக்கு மேலிருந்த கண்ணாடி. மெஷின் வராத காலம். இடது கை விரல் இடுக்குகளில் கலர் கலராக டிக்கெட் கட்டுகள், கக்கத்தில் தோல் பை, வலது கையில் சில்லறை, வாயில் விசில். அதாவது கம்பியைப் பிடிக்கக் கை மிச்சமில்லை. எல்லா கண்டக்டர்களும் இடுப்பை ஏதாவது சீட்டு முனையில் முட்டுக்கொடுத்துத்தான் டிக்கெட் கிழிப்பார்கள். இவர் எதையும் தொடமாட்டார். நான் திடீரென்று பிரேக் அடித்தால் பஸ்ஸே ஒரு தடவை முன்னால் குனிந்து நிமிரும். அவர் மட்டும் இன்ன ஸ்டேஜ், இன்ன டிக்கெட் என்று இன்வாய்ஸில் எழுதிக்கொண்டிருப்பார். கவனித்துப் பார்த்தால் காலில்தான் விஷயம். முன்னங்கால் பாதம் லேசாக வெளியே திரும்பியிருக்கும். பின்னங்கால் முட்டி இறுகாமல், ஒரு சொட்டு வளைந்திருக்கும். வண்டி எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அந்த முட்டி அதை வாங்கி விழுங்கிவிடும்.

சிலம்பத்தில் சேருகிற பையன்கள் முதல் நாளே கம்பு கேட்பார்கள். யாரும் உடனே கொடுக்க மாட்டார்கள். காலடி பாடம் முடியணும். தரையில் கோடு போட்டு, இந்தக் கால் இங்கே, அந்தக் கால் அங்கே என்று மாதக்கணக்கில் வெறுங்கையோடு நடந்தால்தான் கம்பு கைக்கு வரும். "அடிக்கிறது கையின்னு நெனைக்காத. காலுதான் அடிக்கும், காலுதான் காப்பாத்தும். கை சும்மா கூட வரும்" என்பார். எங்கள் வாத்தியார் இதற்கு ஒரு பரீட்சையும் வைத்திருந்தார். புதுப் பையனை உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டில் ஏற்றி, ஊர் வருகிற வரைக்கும் எதையும் பிடிக்காமல் நடுவழியில் நிற்கச் சொல்வார். விழாமல் வந்து சேர்ந்தால் அடுத்த பாடம். ஏறும்போதே சொல்லிவிடுவார்: "வித்தை இலவசம்ப்பா. டிக்கெட்டு காசு."

டிக்கெட் விஷயத்தில் தனக்கே சலுகை தராதவர். ஒருநாள் செக்கர் ஏறினார். மேலே ரேக்கில் ஒரு கட்டுக் கம்பு. "இது யாரோடதுப்பா, லக்கேஜ் போட்டாச்சா?" என்றார். வாத்தியார் ஒரு வார்த்தை பேசவில்லை. லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்தார், சட்டைப் பையிலிருந்து காசை எடுத்துத் தோல் பையில் போட்டார், இன்வாய்ஸில் எழுதினார், "கேக்க ஆளில்லாம இருந்துச்சு சார், இனிமே நானே கேட்டுக்கிறேன்" என்றார். அதன் பிறகு கம்பு வண்டியில் ஏறுகிற நாளெல்லாம் ஒரு நாடகம் நடக்கும். "இந்தக் கம்பு யாரோடதுங்க?" என்று அதட்டலாக ஒரு குரல். "எம்மோடதுதாங்க சாமி" என்று பம்மலாக இன்னொரு குரல். "லக்கேஜ் எடுக்கணும்னு தெரியாது?" "தெரியாமப் போச்சுங்க." இரண்டும் அவரே. சந்தைக்குப் போகிற கிழவிகள் அதைக் கேட்பதற்காகவே முன்சீட்டைப் பிடிப்பார்கள்.

கம்பு என்றால் ஏதோ கடையில் வாங்கிய மூங்கில் இல்லை. கணு நெருக்கமாக, உள்ளே துளை இல்லாத கல்மூங்கிலாகத் தேடிப் பிடிப்பார். முற்றலாக இருக்கணும், வளைத்தால் திரும்பி வரணும். பச்சையாக வெட்டியதை நிழலில் காயவைத்து, கணுக்களைச் சீவி, நெருப்பில் வாட்டுவார். சூடு ஏறியதும் வேப்பமரக் கவட்டையில் கொடுத்து அழுத்தி, ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பார்த்து, மறுபடி வாட்டி, மறுபடி அழுத்தி நேராக்குவார். அப்புறம் எண்ணெய் போட்டு ஊறவைத்துத் துடைத்து வைப்பார். கடைசியில் யாருக்கு அந்தக் கம்போ அந்த ஆளைப் பக்கத்தில் நிறுத்தி, நெற்றிப் பொட்டு உயரத்தில் அறுப்பார். வளருகிற பையன்களுக்கு வருடத்துக்கு ஒரு கம்பு மாற்ற வேண்டியிருக்கும். "இவங்காத்தா சோறு போட்டே என்னயக் கடங்காரன் ஆக்கிருவா போல" என்று சொல்லிக்கொண்டே அடுத்த மூங்கிலைத் தேடப் போவார்.

வர்மம் தெரியுமா என்று கேட்காத பயணி கிடையாது. சிலம்பம் என்றாலே ஒரு விரலால் தொட்டு ஆளைச் சாய்த்துவிடுவார்கள் என்ற நினைப்பு. படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 என்று ஒப்பிப்பவர்களும் ஏறுவார்கள். அவர்களிடம் இவர் குரலைத் தாழ்த்தி, "நூத்தியெட்டும் ஆசான்மார் சொல்லிக் குடுக்கிறது. எனக்குத் தெரிஞ்சது நூத்தியொம்பதாவது. தொட்டா ஆளு அப்பிடியே சுருண்டுருவான்" என்பார். எங்கே இருக்கிறது என்று அந்த ஆள் ஆவலாகக் குனிவார். "சட்டைப் பையில. சில்லறை குடுங்க."

இப்போது அந்த விசாரணைக் கதை. டெப்போவில் இது பல ரூபங்களில் உலவுகிறது. நான் கூடவே இருந்தவன், நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

கடைசி டிரிப். ஒருவர் நன்றாகக் குடித்துவிட்டு ஏறியிருந்தார். டிக்கெட் கேட்டதற்கு, என்னிடமா கேட்கிறாய் என்று கையை ஓங்கிக்கொண்டு பாய்ந்தார். கண்ணாடியில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வாத்தியார் அரை அடி நகர்ந்தார், அவ்வளவுதான். குத்து வந்த இடத்தில் ஆள் இல்லை. குத்தோடு கூடவே வந்த உடம்பு, ஒரு சுற்றுச் சுற்றி, காலியாக இருந்த மூன்று பேர் சீட்டில் பொத்தென்று உட்கார்ந்தது. வாத்தியார் நிதானமாக டிக்கெட்டைக் கிழித்து நீட்டி, "ஆங், உக்காந்துட்டீகள்ல. இப்ப எடுங்க" என்றார். பஸ் முழுக்கச் சிரிப்பு. குடித்திருந்தவரும் கொஞ்சம் யோசித்துப் பார்த்துவிட்டுச் சிரித்து, காசைக் கொடுத்தார்.

சிரிப்போடு போயிருக்க வேண்டியது. அவருடைய சொந்தக்காரர் யாரோ மனு எழுதிவிட்டார். பயணியை நடத்துநர் தற்காப்புக் கலையால் தாக்கினார் என்று. சார்ஜ் மெமோ வந்தது, விசாரணைக்கு நாள் குறித்தார்கள், நான் சாட்சி.

விசாரித்த அதிகாரி புதிதாக வந்தவர், நேர்மையான மனுஷன். "எங்கே தொட்டீர்கள்?" என்று கேட்டார்.

"தொடலீங்க அய்யா."

"தொடாமல் எப்படி ஒருத்தர் விழுவார்?"

"விழலீங்க அய்யா, உக்காந்தாரு."

அதிகாரிக்குக் கோபம் வந்துவிட்டது. மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து எதிரே நின்றார். "நான்தான் அந்தப் பயணி. என்ன செய்தீர்களோ அதை அப்படியே செய்து காட்டுங்கள்."

"அய்யா, அவரு குடிச்சிருந்தாரு. கொஞ்சம் வேகமா வந்தாரு."

"நானும் வேகமாக வருகிறேன்."

வந்தார். இவர் அதே அரை அடி நகர்ந்தார். அதிகாரி நேராகப் போய்த் தன்னுடைய நாற்காலியிலேயே உட்கார்ந்தார். சக்கரம் வைத்த நாற்காலி, அவரையும் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடி, இரும்பு பீரோவில் டங்கென்று முட்டி நின்றது. அறையில் ஈ பறக்கிற சத்தம் கேட்கும். அப்போது வாத்தியாரின் வலது கை, பழக்கத்தில், இடது கக்கத்துப் பைக்குப் போய், பை இல்லாமல் திரும்பி வந்தது. அதைப் பார்த்ததும்தான் அதிகாரி சிரிக்க ஆரம்பித்தார். பக்கத்து அறைகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார். 'பயணி தாமாகவே இருக்கையில் அமர்ந்ததாகத் தெரியவருகிறது' என்று எழுதி, எச்சரிக்கையோடு முடித்துவைத்தார்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் நாற்காலி பீரோவில் முட்டியதோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அன்றைக்கு பஸ்ஸில் அவருக்கு இடது பக்கம் கைக்குழந்தையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தது. வலது பக்கம்தான் காலி சீட்டு. இடது பக்கம் நகர்ந்திருந்தால் அந்த ஆள் குழந்தை மேல் போயிருப்பார். பின்னால் நகர்ந்திருந்தால் படிக்கட்டு வழியே ரோட்டில். அந்த நேரத்துக்குள் இவ்வளவையும் எப்படிப் பார்த்தீர்கள் என்று கேட்டேன். "நான் எங்கிட்டு அதப் பாத்தேன், ஏறுனப்பவே பாத்தாச்சு" என்றார். கூட்டத்தில் நுழையும்போதே எங்கே இடம் இருக்கிறது, எங்கே பிள்ளை இருக்கிறது என்று பார்ப்பது கண்டக்டர் புத்தி. கை ஓங்குகிறவனின் கையைப் பார்க்காமல் தோளைப் பார்ப்பது சிலம்பப் புத்தி. இரண்டும் சேர்ந்ததால்தான் அந்த அரை அடி சரியான பக்கம் விழுந்தது. திருவிழா மேடையில் அவரைவிடப் பகட்டாகக் கம்பு சுற்றுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களை யாரும் ஒன்றரை அடி நடுவழியில், ஆடுகிற வண்டியில், நூறு பேருக்கு நடுவே தினமும் வேலை வாங்கவில்லை. அவரை வாத்தியார் ஆக்கியதில் தாய்மாமனுக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு பஸ்ஸுக்கும் உண்டு. இதை அவரிடமே சொல்லியிருக்கிறேன். "அப்ப குருதட்சணைய டெப்போவுல கட்டிருவோம்" என்றார்.

எங்களுக்கு வாய்த்தது ஒரு ஹால்ட் பஸ். உசிலம்பட்டியிலிருந்து ஆண்டிபட்டிக் கணவாய்ப் பக்கம் போகிற வழியில் உள்ளே பிரிகிற ஊர். ராத்திரி எட்டரைக்குப் போய்ச் சேர்ந்தால் வண்டி அங்கேயே தங்கும். காலை ஐந்தேகாலுக்கு முதல் டிரிப். கணக்கை முடித்து, டீக்கடையில் இருக்கிற இட்லியைச் சாப்பிட்டு, சீட்டில் துண்டை விரித்துப் படுக்க வேண்டியதுதான். கோடையில் மேலே ஏறி டாப்பில் படுப்போம். மற்ற கண்டக்டர்கள் ஹால்ட் டூட்டி என்றால் முகம் சுளிப்பார்கள். இவர் கேட்டு வாங்கினார். எட்டரைக்கும் பத்துக்கும் நடுவே அவருக்குப் பள்ளிக்கூடம். மேற்குத் தெருக் கோயில் பொட்டலில் பையன்கள் காத்துக்கிடப்பார்கள்.

அந்தப் பொட்டலுக்கு ஒரு சங்கடம் இருந்தது. கிழக்குத் தெருப் பிள்ளைகள் அங்கே வர முடியாது. ஏன் என்று நம் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கொஞ்ச நாள் கிழக்குத் தெருவில் தனியாக ஒரு வகுப்பு எடுத்தார். பிறகு 1997 வந்தது.

அந்த வருடம் நடந்தது எங்கள் தொழிலோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. விருதுநகரில் கட்டபொம்மனின் தளபதி வீரன் சுந்தரலிங்கம் பெயரில் புதிய போக்குவரத்துக் கழகம் என்று அரசு அறிவித்ததும் சாதியைக் காட்டி எதிர்ப்பு கிளம்பி, தென்மாவட்டங்களில் கலவரமாகிவிட்டது. பஸ் கண்ணாடிகள் நொறுங்கின. கடைசியில் போக்குவரத்துக் கழகங்களுக்கும் மாவட்டங்களுக்கும் வைத்திருந்த தலைவர்களின் பெயர்களையெல்லாம் அரசு எடுத்துவிட்டது. எங்கள் வண்டிகளிலும் பழைய பெயரை அழித்துப் புதுப் பெயர் எழுதினார்கள். ஊரில் இரண்டு தெருவும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இரண்டு வகுப்பும் நின்றுபோயின.

வாத்தியார் இரண்டு தெருவையும் விட்டுவிட்டு, பஸ் நிற்கிற இடத்துக்கு வகுப்பை மாற்றினார். ஊர் எல்லை, புளியமரம், ரோடு வளைகிற திட்டு. மேற்குத் தெருப் பெரியவர்கள் நாலு பேர் வந்து நின்றார்கள். இது சரிப்படாது என்றார்கள். "அண்ணே, இது கவர்மென்ட்டு வண்டி நிக்கிற எடம். ஆட்சேபணைன்னா கலெக்டருக்கு மனுக் குடுங்க" என்றார். அவர்கள் அசையவில்லை. அப்புறம் கேட்டார்: "காலையில அஞ்சேகால் வண்டியில மூணு பேரு சீட்டுல அஞ்சு பேரா, ரெண்டு தெருவும் ஒருத்தர் மடியில ஒருத்தர் உக்காந்துதான உசிலம்பட்டி போறீக? நான்தான டிக்கெட்டுப் போடுறேன்? வண்டிக்குள்ள வந்த ஒட்டு, வண்டிக்கு வெளிய பத்தடியில எப்பிடிண்ணே போகும்?" ஒருவர் சிரித்துவிட்டார். ஒருவர் சிரித்ததே போதுமானதாக இருந்தது. அன்றைக்குக் கலைந்து போனார்கள்.

அங்கே தெருவிளக்கு இல்லை. வாத்தியார் என் பக்கம் பார்த்தார். ஹெட்லைட்டைப் போட்டேன். அந்த வெளிச்சத்தில் இரண்டு வரிசையாகப் பிள்ளைகள், நிழல்கள் புளியமரம் வரைக்கும் நீண்டு விழ, காலடி வைத்தார்கள். ஜோடி போடும்போது ஒரு தெருவுக்கு ஒரு பிள்ளையாகத்தான் நிறுத்துவார். "ஒரே தெருக்காரப் பயலுக ரெண்டு பேர நிறுத்துனா கம்ப ஊனிக்கிட்டுக் கதை பேசுறாய்ங்க" என்று அதற்குக் காரணம் சொல்வார்.

பேட்டரி பழசு. வழக்கமாக வண்டியை ஏற்றத்தில் நிறுத்தி, காலையில் உருட்டிவிட்டு ஸ்டார்ட் செய்வேன். வகுப்புக்காகச் சமதளத்தில் நிறுத்தியதால் அதற்கும் வழியில்லை. விடிகாலை, வண்டி நிறைய ஜனம், செல்ஃப் எடுக்கவில்லை. வாத்தியார் இறங்கி நின்று விசிலை நீளமாக ஊதினார். இரண்டு தெருவிலிருந்தும் பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தோடு, பாதிப் பேர் கம்போடு ஓடிவந்தார்கள். ஏதோ சண்டை என்று நினைத்துவிட்டார்கள். "கம்ப ஓரமா வையி. இன்னிக்குப் பாடம், முன்னங்கால ஊனிப் பின்னங்கால்ல தள்றது. ஏ, குதிகால் தூக்காதடா!" என்று வகுப்பே எடுத்தார். நான் இரண்டாவது கியரில் கிளச்சை மிதித்துக் காத்திருந்தேன். வண்டி வேகம் பிடித்ததும் விட்டேன். லேலண்ட் உறுமிக்கொண்டு கிளம்பியது. உள்ளே இருந்த ஜனம் கை தட்டியது. வாத்தியார் ஓடிவந்து ஏறி, மூச்சு வாங்கவே இல்லை, "டிக்கெட் எடுக்காதவுக யாரு?" என்றார்.

இப்படி அடிக்கடி நடந்தது. கடைசியில் இரண்டு தெருப் பெரியவர்களும் சேர்ந்தே போய் பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் மனுக் கொடுத்து, புளியமரத்தடியில் ஒரு டியூப்லைட் வாங்கினார்கள். பிள்ளைகளுக்காக இல்லை, முதல் பஸ் நேரத்துக்குக் கிளம்ப வேண்டும் என்பதற்காக. அதனால் அந்த ஊரில் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு மனம் இல்லை. கோயில் பொட்டல் அப்படியேதான் இருந்தது. ஆனால் அந்த டியூப்லைட்டின் கீழே கம்போடு கம்பு தட்டி வளர்ந்தவர்கள் பிறகு எந்தப் பிரச்சனையிலும் கல்லெடுத்த கூட்டத்தில் நிற்கவில்லை. இதை நான் அறிந்து சொல்கிறேன்.

உசிலம்பட்டியில் கராத்தே சொல்லிக்கொடுக்கும் ஒரு மாஸ்டர் அவருக்கு நல்ல சிநேகிதர். இடுப்பில் கறுப்புப் பட்டை கட்டித் தரம் காட்டுகிற வழக்கம் வந்தது ஜப்பானில் ஜூடோவை உண்டாக்கிய கானோ ஜிகோரோவிடமிருந்து, கராத்தேக்காரர்கள் அதைப் பிறகு எடுத்துக்கொண்டார்கள் என்று அவர்தான் எங்களுக்குச் சொன்னார். உங்களிடம் அப்படி ஏதாவது உண்டா என்று கேட்டதற்கு, வாத்தியார் இடது கை டிக்கெட் கட்டை விசிறியாக விரித்து, "எல்லாக் கலரும் இருக்கு மாஸ்டர். எது வேணும், கிழிச்சுத் தரவா?" என்றார். ஆனால் வகுப்பு ஆரம்பிக்கும் முன் உடம்பைத் தளர்த்துகிற பயிற்சிகளை அந்த மாஸ்டரிடம் கேட்டுக் கற்றுக்கொண்டு தன் பிள்ளைகளுக்கும் செய்யவைத்தார். நல்லது எங்கே இருந்தாலும் எடுத்துக்கொள்வதில் அவருக்குக் கூச்சமே கிடையாது.

இன்னொன்று. அவருக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காதவர், சைக்கிளில் பின்னால் உட்காரக்கூட மாட்டார். "ரெண்டு காலும் தரையில இல்லாத வித்தைய நான் நம்ப மாட்டேன்" என்று டெப்போவிலிருந்து வீட்டுக்கு நடந்தே போவார்.

அந்தக் காலில்தான் வந்தது. கண்டக்டர்களுக்குச் சர்க்கரை வருவது எங்கள் டெப்போவில் புதுச் செய்தியில்லை. நேரத்துக்குச் சாப்பாடு கிடையாது, ஒவ்வொரு நிறுத்தத்திலும் டீ, நின்றே கழிகிற நாள். ரிட்டயர் ஆன கொஞ்ச காலத்தில் வலது கால் பெருவிரலில் ஒரு கொப்புளம். உணர்ச்சி மரத்துப்போயிருந்ததால் அவருக்குத் தெரியவே இல்லை. அக்கா, அவர் சம்சாரம், பாயில் ஈரத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தது. மதுரை பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். விரலை எடுக்க வேண்டும் என்றார்கள். வலித்திருக்குமே, ஏன் முன்னாலேயே வரவில்லை என்று டாக்டரம்மா திட்டினார். "அதாம்மா வம்பாப் போச்சு. அடி வர்றது தெரிஞ்சிருந்தா வெலகியிருப்பேன்ல" என்றார். டாக்டரம்மா ஊசியை வைத்துவிட்டுத் திரும்பி நின்று கொண்டார்.

நான் பார்க்கப் போனபோது கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் வைத்திருந்தார். என்ன பேசுவது என்று தெரியாமல் நின்றேன். "உக்காருங்க தம்பி. பத்துக்கு ஒண்ணு போச்சு. ஆடித் தள்ளுபடி" என்றார்.

பெருவிரல் சின்ன விஷயம் இல்லை. உந்தி எழும்புவதே அதில்தான். காலடி வைக்கிறவனுக்கு அது போனால் முன்பாதத்தில் நிற்க முடியாது, திரும்பும்போது உடம்பு உள்பக்கம் சரியும். புண் ஆறியதும் வீட்டு முற்றத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, அறுபதைத் தாண்டிய மனுஷன், முதலிலிருந்து காலடி கற்றுக்கொண்டார். வலது பாதத்தை அதிகமாக வெளியே திருப்பி, எடையைக் குதிகாலுக்கும் பாதத்தின் வெளி ஓரத்துக்கும் மாற்றி, எட்டு வைப்பதைக் குறுக்கி, முழுப் பாடத்தையும் மாற்றி அமைத்தார். செருப்புக்குள் பஞ்சு வைத்துக்கொண்டு பஸ் ஏறி அந்த ஊருக்குப் போனார். அப்போது பெண் பிள்ளைகளும் வந்துகொண்டிருந்தார்கள். "பெருவிரல ஊனுங்கடா, நான் வைக்கிற மாதிரி வைக்காதீங்க" என்று கத்துவார். பிள்ளைகள் வாய் சொல்வதையா கேட்கும்? காலைத்தான் பார்க்கும். அவர் எப்படி வைத்தாரோ அப்படியே வைத்தார்கள்.

ஒரு விடியற்காலையில் மாரடைப்பு. எடுத்த அன்றைக்கு அந்த ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்தார்கள், இரண்டு தெருவும். பாடைக்கு முன்னால் யார் முதலில் கம்பு எடுப்பது என்று மூத்த மாணவர்களுக்குள் வாக்குவாதம் முற்றிவிட்டது. அழுதுகொண்டிருந்த அக்கா எழுந்து வந்து, "அந்த மனுசன் இருந்தா ஒங்க கம்புக்கெல்லாம் லக்கேஜ் போட்டு வாய அடைச்சிருப்பாரு. ஆளுக்கு ஒரு சுத்து, எடுங்கடா" என்றது. சாவு வீடு என்பதையும் மறந்து அத்தனை பேரும் சிரித்தார்கள். அதன் பிறகுதான் கம்பு எடுத்தார்கள். பறைச் சத்தத்துக்கு அன்றைக்கு அவர்கள் ஆடியதை நான் திரும்ப எங்கும் பார்க்கவில்லை.

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியில் சிலம்பத்தைக் காட்சி விளையாட்டாகச் சேர்த்தார்கள். இப்போது சான்றிதழ், கல்லூரி இடம், வேலை என்று பெற்றோரே பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிறார்கள். அவர் இருந்து பார்த்திருக்க வேண்டும் என்று அடித்துக்கொள்கிறது மனசு. புளியமரத்தடி வகுப்பை, ஒருகாலத்தில் வண்டி தள்ளிய கிழக்குத் தெருப் பையன்தான் நடத்துகிறான். வெளியூர்ப் போட்டிக்குப் போனால் நடுவர்கள் இவர்கள் காலைப் பார்த்துவிட்டு, வலது பாதத்தை இப்படித் திருப்பி வைக்கிறீர்களே, இது எந்தப் பரம்பரை அடி என்று கேட்கிறார்களாம். "எங்க வாத்தியார் அடி" என்று இவன் பெருமையாகச் சொல்லியிருக்கிறான்.

போன முறை நான் அங்கே போயிருந்தபோது அந்த அடி எப்படி வந்தது என்று பிள்ளைகளிடம் சொன்னேன். பெரியாஸ்பத்திரி, ஆடித் தள்ளுபடி எல்லாம் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். முன்வரிசையில் ஒரு சின்னப் பெண், தன் காலைக் குனிந்து பார்த்து எண்ணிவிட்டு, "எனக்குப் பத்தும் இருக்கே அண்ணே, நான் எதுக்கு இப்பிடி வைக்கணும்?" என்று கேட்டது.

"வாத்தியாரு வச்சாரு, வையி" என்றான் அவன். பாதத்தை வெளியே திருப்பி, கம்பை எடுத்துக்கொண்டு அது வரிசையில் போய் நின்றது.